முன் பிறேக்

முன்வாசலில் பறைமேளம் முழங்கிக்கொண்டிருந்தபோது கம்சாயினி பின்வளவுக் கொட்டிலில் அப்பாவின் சைக்கிளைத் தூக்கி ஸ்டாண்டில் கொளுவினாள். கொளுவிய கையோடு முன்சில்லைச் சுழற்றிவிட்டுக் காதைக் கிட்டக் கொண்டுபோனாள். மேளமும் நடுவீட்டு ஒப்பாரியும் சேர்ந்து காதை அடைத்தன. பிறேக் டிஸ்க் உரசுகிறதா இல்லையா என்பதைக் குனிந்து கண்ணால்தான் பார்க்க வேண்டியிருந்தது. உரசவில்லை.

அப்பா நேற்றுக் காலை செத்துப்போனார். வயலுக்குத் தண்ணீர் கட்டப் போனவர் வாய்க்கால் கட்டிலிருந்து சைக்கிளோடு சரிந்து, மதகுக் கல்லில் தலை அடிபட்டுக் கிடந்தார். கழுத்து முறிந்திருக்கிறது என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்தார்கள். இன்று காலைதான் பெட்டியில் வீடு வந்து சேர்ந்தார். பின்னேரம் அடக்கம்.

அதற்குள் ஊர் தீர்ப்புச் சொல்லி முடித்துவிட்டது. வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தால் விடுவார்களா? அவலை அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தவர் அன்னப்பூரணி மாமி, அப்பாவின் அக்கா. வருகிற ஒவ்வொரு பெண்ணையும் கட்டிப்பிடித்து அழுவார். அழுகை ஓய்ந்ததும் மூக்கைத் துடைத்துக்கொண்டு அதே கதையை அடியிலிருந்து தொடங்குவார். பழைய சைக்கிளில் காலம் முழுக்க வயலுக்குப் போய்வந்த மனிசன் ஒருநாளாவது விழுந்தாரா? மலையில்லாத ஊருக்கு மலைச் சைக்கிள் எதற்கு? பிறேக்கைப் பிடித்ததும் அது பின்பக்கத்தைத் தூக்கி ஆளை எறிந்திருக்கிறது. அந்தச் சைக்கிளைப் பாகம் பாகமாகப் பூட்டிக் கொடுத்தவள் யார் என்பதை மட்டும் மாமி சொல்லவில்லை. சொல்லாமலே எல்லாருக்கும் தெரியும்.

கம்சாயினிக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். மாமி சொன்னது முழுப் பொய் என்று தெரிந்திருந்தால் வந்திருக்கும். அது நடக்கக்கூடிய காரியம் என்பதுதான் அவளை நேற்று இரவு முழுக்கத் தூங்கவிடாமல் செய்தது.

வவுணதீவில், வீட்டு முன்வளவிலேயே அவளுடைய கடை. ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய மவுண்டன் பைக்குகளைக் கொழும்புக்குப் போய்த் தானே தெரிந்தெடுத்து வருவாள். பிரேமில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும் விரலால் தடவியே கண்டுபிடிப்பாள். அடக்கம் என்பது அவளிடம் எந்த நாளும் இருந்ததில்லை. மலையில்லாத ஊரில் என்று யாராவது வாயைத் திறந்தால், வயற்பாதை மணலில் சில்லுப் புதைய உருட்டிக்கொண்டு போகிறவர்கள் கடைக்கு வெளியே நின்று கதைக்கலாம் என்பாள். அப்படிச் சிரித்தவர்களில் பாதிப்பேர் பிறகு உள்ளே வந்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

ஒவ்வொருவரையும் சுவரோடு நிற்க வைத்துக் கால் நீளம் அளந்த பிறகுதான் பிரேம் காட்டுவாள். அப்பாவையும் அப்படித்தான் அளந்தாள். நல்லரத்தினம் கூச்சத்தில் நெளிந்துகொண்டு, கடையிலேயே பெரியதாக இருந்த சிவப்புச் சைக்கிள் மேல் கண் வைத்திருந்தார். அது உங்களுக்கில்லை என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு, சாம்பல் நிறத்தில் ஒரு சின்ன பிரேமை இறக்கினாள். முன்னுக்கு இருந்த, குலுக்கல் தாங்கும் சொக்கைக் கழற்றி எறிந்து, சேற்றில் பழுதாகாத நேர் ஃபோர்க் போட்டாள். முதுகு குனியாமல் இருக்க உயர்ந்த ஹாண்டில், பசளைப் பை ஏற்ற ஒரு கரியர், மணலில் மிதக்கிற மாதிரி அகன்ற ரயர். காற்றைக் குறைத்து விடச் சொன்னால் மனிசன் கேட்க மாட்டார். மகள் காணாத நேரம் பம்பை எடுத்துக் கல்லுப்போல அடித்து வைப்பார். இரண்டு தரம் பிடிபட்டு ஏச்சு வாங்கிய பிறகுதான் விட்டார்.

அவ்வளவுக்கும் மேலாக அவள் மண்டையைப் போட்டு உடைத்தது முன் பிறேக்குக்குத்தான். அப்பா ஓடிக்கொண்டிருந்தது கம்பி பிறேக் பூட்டிய பழைய சைக்கிள். அதில் ஐந்து விரலாலும் நெரித்தால்தான் ஏதோ கொஞ்சம் நிற்கும். புதியது ஒயில் பிறேக். ஒரு விரல் போதும். பழைய பழக்கத்தில் நெரித்தால் முன்சில்லு அந்த இடத்திலேயே நிற்க, ஏறியிருக்கிறவர் ஹாண்டிலுக்கு மேலால் போவார். வாங்குகிற எல்லாருக்கும் அவள் இதைச் சொல்லித்தான் சைக்கிளைக் கையில் கொடுப்பாள்.

"அஞ்சு விரலாலயும் புடிச்சா சைக்கிள் நிக்கும், நீங்க போயிருவீங்க."

எல்லாரும் சிரிப்பார்கள். நேற்றிலிருந்து ஊரில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தது இந்த வாக்கியத்தைத்தான்.

அப்பாவின் கைப்பழக்கம் தெரிந்தே அவள் முன்னுக்குச் சின்ன டிஸ்க் போட்டிருந்தாள். இறுகிப் பிடிக்காத மெல்லிய பிறேக் கட்டை போட்டிருந்தாள். லீவரை நன்றாக உள்ளே இழுத்த பிறகுதான் பிடிக்கத் தொடங்கும்படி திருகாணியைத் திருகி வைத்திருந்தாள். பள்ளிக்கூட மைதானத்தில் அவரை ஏற்றிவிட்டு, நெரிக்கச் சொல்லிக் கத்திக் கத்திப் பார்த்தாள். சைக்கிள் சொன்னபடி நின்றதே தவிர ஒருதரமும் பின்பக்கம் தூக்கவில்லை. அப்பாவுக்குத் தலைகால் தெரியாத புளுகம். மாமாங்கத் திருவிழாவுக்கு அமிர்தகழி வரைக்கும் அந்தச் சைக்கிளில் போய், கோயிலடியில் கண்டவரையெல்லாம் நிறுத்தி என்ட மகள் பூட்டினது என்று காட்டிவிட்டு வந்தார்.

இப்போது அவள் லீவரை மெல்ல இழுத்துப் பார்த்தாள். தான் வைத்த இடத்திலேயே பிடித்தது. கட்டை பாதிகூடத் தேயவில்லை. ஒயில் எங்கும் கசியவில்லை. திருகாணியில் எவரும் கை வைக்கவில்லை. கரியர் மட்டும் ஒரு பக்கம் நெளிந்திருந்தது. சைக்கிளில் பிழை இல்லை என்று சத்தியம் பண்ணலாம். ஆனால் மைதானம் வேறு, வாய்க்கால் கட்டு வேறு. திடீரென்று ஒரு மாடு குறுக்கே வந்து, அப்பா பயந்துபோய் நெரித்திருந்தால்? சின்ன டிஸ்க்கும் தூக்கி எறியும். அது நடந்ததா இல்லையா என்று இந்தச் சைக்கிள் சொல்லாது. விழுந்த இடம் சொல்லும்.

அவள் எழுந்து யன்னலால் உள்ளே பார்த்தாள். அப்பாவின் தலைமாட்டில் அம்மா இருந்தாள். அஜந்தா என்ற பெயருக்கு ஏற்ற மாதிரி எந்த நேரமும் துலக்கமாகத் திரிகிற மனிசி, நேற்றிலிருந்து அழவும் இல்லை, ஒரு வாய் தண்ணீர் குடிக்கவும் இல்லை. மற்றவர்கள் கேட்டால் தலையை ஆட்டினாள். கம்சாயினி கிட்டப் போனால் மட்டும் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள். மாமி என்ன சொன்னாலும் தாங்கலாம். அம்மாவும் அப்படித்தான் நினைக்கிறாள் என்றால் அதைத் தாங்க முடியாது.

வீட்டில் சாவு கிடக்க மகள் படலை தாண்டுவது அந்த ஊரில் இல்லாத பழக்கம். கம்சாயினி பின்வேலிக் கடப்பால் தன்னுடைய சைக்கிளைத் தூக்கிப் போட்டு ஏறினாள். வேலிக்கரையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த பெண் வாயில் கை வைத்தாள். அவள் உள்ளே போய்ச் சொல்லி முடிப்பதற்குள் இவள் தார் ரோட்டைத் தாண்டிக் கிறவல் பாதையில் இறங்கிவிட்டாள்.

வயல் வட்டைக்குள் பயிர் முழங்கால் உயரத்துக்கு நின்றது. சிறுபோகத்து வெயிலில் பாதை காய்ந்து தூள் பறந்தாலும், வாய்க்கால் கசிகிற இடத்தில் கட்டு எப்போதும் ஈரமாகவே இருக்கும். அதுதான் அவளுடைய நம்பிக்கை. மாடு மிதித்திருந்தால் எல்லாம் போச்சு என்று எண்ணிக்கொண்டே மிதித்தாள். கிட்டப் போனபோது, மதகடியில் யாரோ முள்ளுக்கொப்புகளை வெட்டிக் கட்டின் குறுக்கே அடைத்து வைத்திருப்பது தெரிந்தது.

அடைத்தவர் வயலுக்குள்ளிருந்து மண்வெட்டியோடு ஏறி வந்தார். பக்கத்து வயல்காரர் அசனார் காக்கா. நேற்று அப்பாவை முதலில் கண்டதும், தூக்கி மடியில் போட்டதும், சைக்கிளை லான்ட் மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி வீடு கொண்டுவந்து விட்டதும் அவர்தான். பொலிஸார் பார்த்துவிட்டுப் போன பிறகும் அந்த இடத்தை மாடு உழக்குவது மனதுக்குக் கஷ்டமாக இருந்ததாம், அதனால்தான் அடைத்தாராம். அடக்கத்துக்கு வரத்தான் கை கால் கழுவப் போவதாகச் சொன்னார். வீட்டில் இருக்க வேண்டியவள் இங்கே ஏன் நிற்கிறாள் என்று கேட்கவில்லை. ஒரு கொப்பை இழுத்து வழி விட்டார்.

ஈர மண்ணில் அகன்ற ரயரின் பல்லுத்தடம் அச்சடித்த மாதிரிக் கிடந்தது. கம்சாயினி ஓரமாகக் குந்திக்கொண்டு தடத்தைப் பின்னாலிருந்து படித்துக்கொண்டு வந்தாள். தூரத்தில் இரண்டு சில்லும் ஒரே கோட்டில் வந்திருந்தன. அங்கேயெல்லாம் அப்பா நல்ல வேகத்தில் மிதித்து வந்திருக்கிறார். பிறகு கோடு இரண்டாகப் பிரிந்தது. முன்சில்லு இடமும் வலமுமாக அலைய, பின்சில்லு அதன் நடுவால் வந்திருந்தது. மிதிப்பதை விட்டுவிட்டால்தான் சைக்கிள் அப்படிப் போகும். வேகம் குறையக் குறைய அலைச்சல் கூடியிருந்தது. அதற்குப் பிறகு கட்டு திரும்புகிற இடம். தடம் திரும்பவில்லை. சும்மா இடப்பக்கம் சாய்ந்து, மெதுவாக, கட்டின் விளிம்பு வரைக்கும் போய் இறங்கியது.

அவள் விளிம்பில் முகத்தை வைத்துப் பார்த்தாள். பிறேக் பிடித்த சில்லு மண்ணை வழித்துத் தள்ளும், பல்லுத்தடம் தேய்ந்து வழவழவென்று ஒரு கோடு விழும். அப்படி ஒன்றும் இல்லை. கடைசிப் பல்லு வரைக்கும் தெளிவாக இருந்தது. அப்பா பிறேக்கைத் தொடவே இல்லை.

"விழுறவன் கைய ஊண்டுவான், மகள்," என்றார் அசனார். "எவனெண்டாலும் ஊண்டுவான். அப்பாட உள்ளங்கைய நான் பாத்தன். ஒரு கீறல் இல்ல. விழக்குள்ளயே அவர் இல்ல."

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. தடத்தை மிதித்துவிடாமல் தள்ளிப் போயிருந்து, வாய்விட்டு அழுதாள். அப்பா போய்விட்டார் என்ற துக்கம் பாதி, நான் கொல்லவில்லை என்ற ஆறுதல் பாதி. இரண்டில் எது பெரிது என்று அந்த நேரம் அவளைக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருக்க மாட்டாள். அசனார் மறுபக்கம் திரும்பி நின்று மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

திரும்பி வரும்போது அவளுக்குள் பழைய கம்சாயினி வந்துவிட்டாள். மாமியை எல்லார் முன்னாலும் நிறுத்தி, முன்சில்லு எது பின்சில்லு எது என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்ட வேண்டும். வேண்டுமென்றால் வந்திருக்கிற சனம் முழுவதையும் வட்டைக்குக் கூட்டிப்போய்த் தடத்தைக் காட்ட வேண்டும். இருதயம் நின்று செத்த மனிசனுக்குச் சைக்கிள் மேல் பழி போடுகிறீர்களே என்று கேட்க வேண்டும். என்ன சொல்வது, எதை முதலில் சொல்வது என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே மிதித்தாள்.

பின்கடப்பால் நுழைந்தவளைக் குசினி வாசலில் அம்மா மறித்தாள். தலைமாட்டை விட்டு எழுந்து வந்து எவ்வளவு நேரமாக நின்றாளோ தெரியாது. கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். நேற்றிலிருந்து முதல்தடவையாக மகளின் முகத்தை நேரே பார்த்தாள். அந்தக் கண்ணில் கோபம் இல்லை. கம்சாயினி எதிர்பார்த்த எதுவும் அதில் இல்லை.

"இடத்தப் பாத்தித்து வாறியா?"

"ஓம்மா."

"பிறேக்தானே?" என்றாள் அம்மா. கேட்ட விதம் கேள்வி மாதிரி இல்லை. கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

கம்சாயினி வாயைத் திறப்பதற்குள் அம்மா அடுப்புத் திட்டில் கையை ஊன்றிக்கொண்டு, சத்தமே இல்லாத குரலில் சொல்லத் தொடங்கினாள்.

"விடிய எழும்பக்குள்ளயே சொன்னார், நெஞ்சுக்குள்ள என்னமோ அமத்துது எண்டு. இடக்கையும் உளையுதாம். வாய்வு எண்டு சொல்லி நான்தான் இஞ்சி அவிச்சுக் குடுத்தன். குடிச்சித்துத் திரும்பப் படுத்த மனிசன நான்தான் எழுப்பினன், புள்ள. இண்டைக்கு நம்மட தண்ணி முறை, விட்டா மறுகா வராது, போங்க எண்டு அனுப்பினன். சீலைத் தலைப்பால வேர்வையத் துடைச்சித்துப் போனார்."

வெளியே மேளம் அடி மாறியது. தூக்குகிற நேரம் கிட்டிவிட்டது என்று அர்த்தம்.

"ஒருத்தருக்கும் சொல்லல்ல. பொலிஸ் கேக்கக்குள்ளயும் சொல்லல்ல. நீ பாத்தித்து வந்தயெல்லோ. சொல்லு புள்ள. பிறேக்தானே அவர விழுத்தின?"

வழியெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்த வார்த்தைகளில் ஒன்றும் இனிக் கம்சாயினிக்கு உதவாது. ஊரில் யாரைக் கேட்டாலும் நெஞ்சு நோவுக்கு முதல் வைத்தியம் இஞ்சிதான். அந்த நேரம் பக்கத்தில் அவள் இருந்திருந்தால் அவளும் வாய்வு என்றுதான் சொல்லியிருப்பாள். ஆனால் இருந்தவள் அம்மா. சைக்கிளை விடுவித்தால் அடுத்து யார் தலையில் போய் இறங்கும் என்பது அவளுக்கு அந்த நொடியில் விளங்கிவிட்டது. ஊர் சொல்லாவிட்டாலும் அம்மா தன்னைத்தானே விடமாட்டாள். இன்னும் எத்தனை வருசம் இருக்கிறாளோ, அத்தனை வருசமும் விடியற்காலையில் எழுந்து அந்த இஞ்சியை அவித்துக்கொண்டே இருப்பாள்.

அவள் தன் கடையை நினைத்தாள். மனம் ஒருதரம் பின்னுக்கு இழுத்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, இழுக்கத்தான் செய்தது. உழைத்துக் கட்டிய பெயர் அது.

"ஓம்மா," என்றாள். "பிறேக்தான். நான் பிடிப்பக் கொஞ்சம் கூட்டி வெச்சித்தன். அப்பா பழைய சைக்கிள் மாதிரி நெரிச்சிரிக்கார். தடத்தில வடிவாத் தெரியுது."

வாடிக்கைக்காரருக்குச் சைக்கிளை விளக்குகிற அதே குரலில், ஒரு சொல்லும் தடுக்காமல் சொன்னாள். அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவளுடைய உடம்பு தளர்ந்தது. நேற்றிலிருந்து அடக்கி வைத்திருந்த அழுகை முழுக்க உடைந்து வந்தது. கம்சாயினியின் தலையைப் பிடித்துத் தன் நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"நீ என்ன தெரிஞ்சா செய்தாய்," என்று முதுகைத் தடவினாள். "அவர்ர நல்லதுக்குத்தானே செய்தாய். ஒருத்தரும் உன்ன ஒண்டும் சொல்ல ஏலாது. நான் இரிக்கன்."

கம்சாயினி அந்த மன்னிப்பை வாங்கிக்கொண்டாள்.

பெட்டியைப் பந்தலுக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். தம்பி மதுரன் ஈரவேட்டியோடு கொள்ளிக்குடத்துக்குத் தோளைக் கொடுத்து நின்றான். சாவு வீட்டை விட்டுப் போன மகள் திரும்பி வந்துவிட்டாள் என்ற சேதி அதற்குள் பந்தல் முழுக்கச் சுற்றியிருந்தது. அன்னப்பூரணி மாமி இதற்காகவே காத்திருந்தவர் போல, எங்கே போயிருந்தாய் என்று எல்லாருக்கும் கேட்கக் கேட்டார். அசனார் காக்கா வெள்ளைச் சேட்டும் சாரமுமாக வந்து பந்தல் ஓரத்தில் நின்றிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. முன்னுக்கு வந்தார்.

"புள்ளையப் பேசாதீங்கம்மா. அது சைக்கிளால நடந்த மௌத்தில்ல. நானும் தடத்தப் பாத்தன்..."

"காக்கா," என்று கம்சாயினி இடைமறித்தாள். "பிறேக்தான் காக்கா. நான் பூட்டினதில பிழை. நான் பாத்தித்துத்தான் சொல்றன்."

அசனார் அவளைப் பார்த்தார். அவளுக்குப் பின்னால், கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற அஜந்தாவையும் பார்த்தார். அவருக்கு விளங்கியதோ இல்லையோ, சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு போய்ப் பெட்டியின் ஒரு பக்கத்துக்குக் கை கொடுத்தார். மாமிக்கும் கதை அதோடு நின்றுவிட்டது. ஒத்துக்கொண்டவளோடு சண்டை பிடிக்க முடியாதல்லவா? திடீரென்று மருமகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இந்த முறை மெய்யாகவே அழுதார். பெண்கள் படலை வரைக்கும் போய் நின்றார்கள். பெட்டி ரோட்டில் ஏறித் திரும்பும் வரைக்கும் கம்சாயினி அப்பாவைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அப்பாவுக்கு மட்டும் முழு உண்மையும் தெரியும் என்று எண்ணிக்கொண்டாள்.

அன்று பொழுதுபட, அயல்வீட்டிலிருந்து வந்த சோற்றில் அம்மா ஒரு பிடி தின்றாள். பிறகு இன்னொரு பிடியும் தின்றாள். பாயில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிப்போனாள்.

மறுநாள் வெயில் ஏறிய பிறகும் அம்மா எழும்பவில்லை. நடுவீட்டில் வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டுத் தூங்கினாள். அவளைத் தாண்டிப் போய்க் கம்சாயினி முன்கதவைத் திறந்தாள். கடை வாசலில் வினாயகமூர்த்தி நின்றிருந்தார். போன மாதம் அவளிடம் சைக்கிள் வாங்கிய, ஆயித்தியமலைப் பக்கத்து மனிசர். அங்கிருந்து நல்ல தூரம். ஆனால் அவர் ஏறி வரவில்லை. உருட்டிக்கொண்டு வந்திருந்தார். சேட்டு முதுகோடு ஒட்டிப்போயிருந்தது.

துக்கம் விசாரிக்க வந்ததாகச் சொன்னார். அப்பா நல்ல மனிசன் என்றார். பிறகு கையை லீவரில் வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார்.

"உள்ள கொண்டு வாங்கண்ண," என்றாள் கம்சாயினி. அம்மாவின் தூக்கம் கலையாமல் கடைக் கதவைப் பாதி மட்டும் மெல்ல உயர்த்தினாள். திருகு சாவியை எடுத்துக்கொண்டு முன்சில்லடியில் குந்தினாள். பழக்கதோசத்தில் லீவரை ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். சரியான இடத்தில், சரியாகப் பிடித்தது. அவள் அந்த பிறேக்கைக் கழற்றத் தொடங்கினாள்.